சைக்கிளுக்கும் கட்டணம் கட்டுகிறோம். உடைந்தால் யார் பொறுப்பு?

தீபகற்பத்திலிருந்து சபாவுக்கோ சரவாக்கிற்கோ சைக்கிளோடு போக வேண்டுமென்றால் இன்றைக்கு ஒரே வழிதான் உண்டு. விமானம். ஈப்போவிலிருந்து ஜொகூரில் நடக்கும் போட்டிக்குப் போகும் பிள்ளை, சைக்கிளை அப்பாவின் வேனில் ஏற்றிக்கொள்ளலாம். விரைவுப் பேருந்தின் அடியில் போட்டுக்கொண்டும் போகலாம். லங்காவிக்குப் போவதென்றால் கோல கெடாவிலும் கோல பெர்லிஸிலும் படகு இருக்கிறது. தென்சீனக் கடலைத் தாண்டுவதற்கு அப்படி ஒரு மாற்று வழி இல்லை.

2024 ஆகஸ்டில் 21ஆவது சுக்மா போட்டி சரவாக்கில் நடந்தது. 2026ஆம் ஆண்டின் சுக்மா சிலாங்கூருக்கு. ஒருமுறை இங்கிருந்து அங்கே சைக்கிள்கள் பறந்தன. அடுத்த முறை அங்கிருந்து இங்கே பறக்க வேண்டும். மாநில அணியில் இடம்பிடித்தவருக்குக் கவலை குறைவு. போக்குவரத்தை அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால், அந்த அணியில் இடம்பிடிக்கும் நிலைக்கு வருவதற்கு முன் ஓர் ஓட்டக்காரர் எத்தனையோ பொதுப் போட்டிகளில் ஓடியாக வேண்டும். அந்தக் காலகட்டத்தில் டிக்கெட்டும் சைக்கிள் கட்டணமும் குடும்பத்தின் கையிலிருந்துதான் போகும்.

நம் சமூகத்திற்குச் சைக்கிள் புதிதல்ல. தோட்டத்தில் பால் வாளியைக் கட்டிக்கொண்டு போனதும், ரொட்டிக்காரர் மணியடித்துக்கொண்டு லயத்துக்கு வந்ததும் சைக்கிளில்தான். முருகையன் குமரேசன் மலேசியாவுக்காக ஒலிம்பிக் வரை சென்று சைக்கிள் ஓட்டினார். இன்றும் வார இறுதியில் சாலையோரம் நின்று பார்த்தால் ஓடும் குழுக்களில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஓட்டுவது, மாதக்கணக்கில் பணம் சேர்த்து, இன்னொருவர் ஓட்டி முடித்த பின் வாங்கிய இரண்டாம் கைச் சைக்கிள். அது உடைந்தால் அந்தப் பருவமே போயிற்று.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். விமான நிறுவனங்கள் சைக்கிளுக்குக் கட்டணம் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கட்டணத்தை வாங்கிக்கொண்டு பொறுப்பைப் பயணியின் தலையில் கட்டும் பழக்கத்தில் நியாயம் இல்லை. சட்டமும் அதை முழுமையாக ஏற்கவில்லை. இது தெரியாததால்தான் பலர் உடைந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஏன் தனிக் கட்டணம்?

ஒரு சாலைச் சைக்கிளின் எடை 8 முதல் 10 கிலோ. மலைப்பாதைச் சைக்கிள் 13 முதல் 15 கிலோ வரும். ஊருக்குப் போகும்போது நாம் கட்டிக்கொண்டு போகும் பெட்டியை விட இது எடை குறைவு. பிறகு ஏன் தனிக் கட்டணம் என்று பலர் கேட்கிறார்கள்.

பிரச்சினை எடையில் இல்லை, உருவத்தில் இருக்கிறது. கழற்றிப் பெட்டியில் போட்டாலும் ஒரு சைக்கிள் ஏறக்குறைய 140 சென்டிமீட்டர் நீளமும் 80 சென்டிமீட்டர் உயரமும் பிடிக்கும். சாதாரணப் பெட்டிகள் ஓடும் பட்டையில் அது வளைவுகளில் மாட்டிக்கொள்ளும். அதனால் அதைத் தனி இடத்தில் கொடுக்க வேண்டும், தனியாக எக்ஸ்ரே பார்க்க வேண்டும், ஆள் வைத்து வண்டியில் ஏற்றி விமானத்தடிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அங்கே இன்னொரு சிக்கல். நம் உள்நாட்டுப் பயணங்களில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற விமானங்களின் சரக்கறை இடுப்பளவு உயரமே உள்ளது. பணியாளர்கள் நிமிர்ந்து நிற்க முடியாது. மண்டியிட்டுக்கொண்டே பெட்டிகளை உள்ளே தள்ளி அடுக்குகிறார்கள். ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று விமான நிறுவனங்கள் பொதுவாக விதி வைத்திருப்பது இவர்களின் முதுகைக் காக்கத்தான். அந்த வேலையில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டு, ‘தூக்கி வீசுகிறார்கள்’ என்று மட்டும் பேசுவது சரியாகாது. குறுகிய நேரத்தில், குறுகிய இடத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகளோடு சைக்கிளையும் அடுக்கச் சொன்னால் அதன் மேல் இன்னொரு பெட்டி ஏறத்தான் செய்யும்.

சிறிய விமானம் என்றால் நிலைமை இன்னும் இறுக்கம். சுபாங்கிலிருந்து பறக்கும் ஏடிஆர் 72 வகை விசிறி விமானங்களில் சாமான் இடம் குறைவு. சரவாக், சபா உட்பகுதிகளுக்குப் போகும் 19 இருக்கை டுவின் ஓட்டரில் சைக்கிளை ஏற்றும் நினைப்பையே விட்டுவிடலாம். கோலாலம்பூரிலிருந்து பெரிய விமானத்தில் போய், அங்கே சிறிய விமானத்துக்கு மாறுபவர்கள் இரண்டாவது விமானத்தின் விதியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இந்தக் காரணங்களால் கட்டணம் கேட்பதில் தவறில்லை. கட்டணம் எப்படிக் கேட்கப்படுகிறது என்பதில்தான் ஏழைக்கும் வசதி உள்ளவருக்கும் வித்தியாசம் வருகிறது.

முன்கூட்டிப் பதிந்தால் ஒரு விலை, கவுண்டரில் இன்னொரு விலை

சில நிறுவனங்கள் சைக்கிளை வழக்கமான சாமான் எடைக்குள் சேர்த்துக்கொள்கின்றன. மலிவுக் கட்டண நிறுவனங்கள் பொதுவாக ‘விளையாட்டுச் சாதனம்’ என்ற தனிப் பிரிவில் அதற்குப் பணம் வாங்குகின்றன. டிக்கெட் எடுக்கும்போதே அதைச் சேர்த்தால் ஒரு விலை. பறக்கும் நாளில் கவுண்டரில் கட்டினால் அதை விடக் கூடுதல். எடை மீறினால் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் கணக்கு.

இங்கே அடிபடுவது யார்? முதன்முறை விமானம் ஏறுகிறவர். அடிக்கடி பறப்பவருக்கு இந்த வழிமுறை தெரியும். வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பிய மலிவு டிக்கெட் விளம்பரத்தைப் பார்த்து அவசரமாக டிக்கெட் போட்ட குடும்பத்துக்குத் தெரியாது. டிக்கெட்டை விட சைக்கிள் கட்டணம் அதிகமாக நிற்கும்போதுதான் விஷயம் புரியும். அந்த நேரத்தில் பேரம் பேச முடியாது. திரும்பிப் போகவும் முடியாது.

அதனால் கணக்கை வீட்டிலேயே போட்டுவிட வேண்டும். சாலைச் சைக்கிள் 9 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சைக்கிள் கடையில் கேட்டால் கிடைக்கும் அட்டைப்பெட்டி, உள்ளே வைக்கும் பஞ்சு, அட்டை, ஒட்டு நாடா எல்லாம் சேர்த்து இன்னும் 4 அல்லது 5 கிலோ. ஆக, 14 கிலோ. காலணி, தலைக்கவசம், கருவிகளையும் அதே பெட்டியில் வைத்தாலும் 20 கிலோவுக்குள் முடித்துவிடலாம். அதே சைக்கிளைக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தால் பெட்டியே 10 கிலோவைத் தாண்டும். பாதுகாப்பு கூடும், எடையும் கூடும். முதல் பயணத்துக்கு நல்ல அட்டைப்பெட்டியே போதும் என்பதுதான் பல அனுபவசாலிகளின் வழி. கடைக்காரருக்கு அது இடத்தை அடைக்கும் குப்பை; கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்.

மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். மடித்தால் சிறியதாகிறது என்பதற்காக அதைக் கையோடு உள்ளே எடுத்துச் செல்ல முடியும் என்று நம்பிவிட வேண்டாம். இங்குள்ள நிறுவனங்கள் சாதாரண வகுப்பில் கைச் சாமானுக்குத் தரும் எடை 7 கிலோ. சந்தையில் உள்ள பெரும்பாலான மடக்கு சைக்கிள்கள் 10 கிலோவுக்கு மேல். அதுவும் சரக்கறைக்குத்தான் போக வேண்டும்.

மின்சார சைக்கிள்: இங்கே விட்டுக்கொடுப்பே இல்லை

2025 ஜனவரி 28ஆம் தேதி தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படத் தயாராக இருந்த ஏர் பூசான் விமானம் தீப்பற்றியது. அதில் இருந்தவர்கள் அனைவரும் உயிர் தப்பினர். தலைக்கு மேலுள்ள சாமான் அறையில் இருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று அந்நாட்டு அதிகாரிகள் பின்னர் கூறினர். அதன்பிறகு இந்த வட்டாரத்தில் பல நிறுவனங்கள் பவர் பேங்க் விதிகளை இறுக்கின.

பவர் பேங்கிற்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் மின்சார சைக்கிளின் பேட்டரியை நினைத்துப் பாருங்கள். அனைத்துலக விதிப்படி, லித்தியம் பேட்டரி 100 வாட்-மணி வரை இருந்தால் கைச் சாமானில் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160ஐத் தாண்டினால் பயணி கொண்டுபோகவே முடியாது. நடக்க இயலாதவர்களின் மின்சார நாற்காலி போன்றவற்றுக்கு மட்டும் தனி விதி உண்டு.

கணக்கு எளிது. பேட்டரியில் எழுதியிருக்கும் வோல்ட் எண்ணை ஆம்பியர்-மணி எண்ணால் பெருக்க வேண்டும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 360 வாட்-மணி. மின்சார சைக்கிளுக்கு இதுவே சிறிய பேட்டரி. இதுவும் எல்லையின் இரு மடங்குக்கு மேல். ஆகவே பேட்டரியோடு மின்சார சைக்கிள் பறக்காது. கெஞ்சினாலும் பயன் இல்லை. மறைத்து வைத்துப் பெட்டியில் போடுவது பிடிபடும் குற்றம் மட்டுமல்ல, அதே விமானத்தில் வரும் எல்லோர் உயிரோடும் விளையாட்டு.

கியர் மாற்றும் சிறு மின்கலம், விளக்கு, பாதை காட்டும் கருவி ஆகியவற்றில் உள்ள பேட்டரி மிகச் சிறியது. கழற்ற முடிந்தவற்றைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது. டயருக்குக் காற்றடிக்கும் சிறு கரியமில வாயு உருளையை நிறுவனத்தைக் கேட்காமல் பெட்டியில் வைக்கக்கூடாது. ஒரு கைப் பம்ப் கொண்டுபோனால் அந்தப் பிரச்சினையே வராது.

டயர் வெடிக்குமா?

கவுண்டரில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி, ‘காற்றை இறக்கிவிட்டீர்களா?’ என்பது. உயரத்தில் டயர் வெடித்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மை என்ன?

தரையில் காற்றழுத்தம் ஏறக்குறைய 14.7 பிஎஸ்ஐ. பறக்கும் விமானத்தில் பயணிகள் இருக்கும் பகுதியிலும் சரக்கறையிலும் அழுத்தம் சீராக்கப்பட்டிருக்கும்; அதிகம் போனால் 8,000 அடி உயர மலையில் நிற்பது போல, 11 பிஎஸ்ஐக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். வித்தியாசம் சுமார் 4 பிஎஸ்ஐ. 80 பிஎஸ்ஐ அடித்த டயருக்கு அது 84 அடித்தது போல. வெடிக்கும் அளவு இல்லை.

ஆனாலும் நிறுவனத்தின் விதி இறக்கச் சொன்னால் இறக்கத்தான் வேண்டும். கவுண்டரில் இயற்பியல் வாதம் எடுபடாது. முழுக்க இறக்காமல் கொஞ்சம் காற்றை விட்டுவைப்பது சக்கர விளிம்புக்கு நல்லது; கீழே வைக்கும்போது விழும் அடியை டயர் தாங்கிக்கொள்ளும்.

உண்மையில் உடைவது டயர் அல்ல. பின் கியர் தொங்கும் சிறு அலுமினியத் துண்டு ஒன்று உண்டு. பக்கவாட்டில் ஓர் அடி பட்டால் அது வளைந்துவிடும். கியர் ஒழுங்காக விழாது. சைக்கிளுக்குச் சைக்கிள் அதன் வடிவம் மாறும். போய்ச் சேர்ந்த ஊரில் அதே துண்டு கிடைக்கும் என்று நிச்சயமில்லை. அதனால் பின் கியரைச் சட்டகத்திலிருந்து கழற்றி, துணியில் சுற்றி, சக்கரங்களுக்கு நடுவே உட்புறமாகக் கட்டிவிட வேண்டும். கையில் ஓர் உதிரித் துண்டு இருந்தால் இன்னும் நிம்மதி.

இரண்டாவது, முன் சக்கரத்தைக் கழற்றியபின் வெறுமையாக நிற்கும் கவட்டை. அமுக்கப்பட்டால் வளையும் அல்லது விரிசல் விடும். புதுச் சைக்கிள் பெட்டியில் வரும்போது அந்த இடைவெளியில் ஒரு பிளாஸ்டிக் முட்டு இருக்கும். அதையும் கடையில் கேட்டு வாங்கலாம். எண்ணெய் பிரேக் உள்ள சைக்கிள் என்றால் சக்கரம் இல்லாத நேரத்தில் பிரேக் கட்டைகளுக்கு நடுவே ஓர் அட்டையைச் செருகி வைக்க வேண்டும். பெட்டிக்குள் கைப்பிடி அமுங்கினால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். பெடலைக் கழற்றும்போது இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான திசையில் முறுக்கினால் இன்னும் இறுகும்.

‘சைன் சினி’ என்றால் என்ன பொருள்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். எடை சரி, கட்டணம் கட்டியாயிற்று. கவுண்டரில் உள்ளவர் ஒரு சீட்டை நீட்டி, ‘அடிக், சைன் சினி’ என்கிறார். பொருள் உடையக்கூடியது, கட்டுமானம் போதாது, சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்பது போன்ற வாசகங்கள் அதில் இருக்கும். பின்னால் வரிசை நிற்கிறது. படிக்க நேரமில்லை. கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

பிறகு சைக்கிள் உடைந்து வந்தால், ‘நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்களே’ என்ற பதில் வரும். அத்தோடு கதை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அனைத்துலகப் பயணத்தில் அது அத்தோடு முடிவதில்லை.

1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தம் என்ற அனைத்துலகச் சட்டம் 2008 முதல் மலேசியாவிலும் நடப்பில் உள்ளது. சிங்கப்பூர், இந்தியா, தாய்லாந்து, இந்தோனேசியா ஆகியவையும் அதில் உள்ளன. அதன் 17ஆவது விதிப்படி, ஒப்படைத்த சாமான் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த நேரத்தில் சேதமானால் நிறுவனமே பொறுப்பு. யார் தவறு செய்தார் என்று பயணி நிரூபிக்க வேண்டியதில்லை. 26ஆவது விதி இன்னும் தெளிவு: நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் எந்த ஒப்பந்த வாசகமும் செல்லாது.

அப்படியானால் சீட்டுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. பொருளின் இயல்பான குறையாலோ பயணியின் கவனக்குறைவாலோ சேதம் வந்தால் அந்த அளவுக்கு நிறுவனம் விலகிக்கொள்ளலாம். ‘கட்டுமானம் போதாது’ என்று நீங்களே கையெழுத்திட்ட சீட்டு அதற்கு ஆதாரமாக நிற்கும். எனவே சீட்டு உங்கள் உரிமையைப் பறிப்பதில்லை. உங்கள் வழக்கைப் பலவீனப்படுத்துகிறது. இந்த வேறுபாடு முக்கியம். நல்ல கட்டுமானமும், கட்டும்போது எடுத்த படங்களும் அந்தப் பலவீனத்தைச் சரிசெய்யும்.

இழப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு. நம் பணத்தில் நாணய மாற்றைப் பொறுத்து 8,000 ரிங்கிட்டுக்கு மேல் வரும். அதுவரை 1,288ஆக இருந்தது. இது உச்சவரம்புதானே தவிர, எல்லோருக்கும் கிடைக்கும் தொகை அல்ல. நிரூபித்த இழப்புதான் கிடைக்கும். அதே வரம்பில்தான் உங்கள் மற்றப் பெட்டிகளும் அடங்கும். சைக்கிளின் மதிப்பு அதைவிடக் கூடுதல் என்றால், ஒப்படைக்கும்போதே மதிப்பைத் தனியாக அறிவித்து, கேட்டால் கூடுதல் தொகை கட்டும் வழியும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. கவுண்டரில் யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

ஏழு நாள்: இதைத் தவறவிட்டால் எல்லாம் போகும்

சேதம் என்றால், சாமானைப் பெற்ற நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்த சாமான் என்றால், அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். தவறினால், நிறுவனம் மோசடி செய்தது என்று காட்டினாலொழிய, வழக்குக்கே இடமில்லை. நீதிமன்றம் போவதற்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் அந்தக் கதவைத் திறக்கும் சாவி முதல் 7 நாளில்தான் இருக்கிறது.

இங்கேதான் நம்மில் பலர் கோட்டை விடுகிறோம். பெட்டி வெளியே நன்றாகத் தெரிகிறது என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். விடுதியில் திறந்தால் சட்டகத்தில் விரிசல். புகார் இல்லாமல் சாமானை வாங்கிக்கொண்டாலே அது நல்ல நிலையில் கிடைத்தது என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அதனால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் அங்கேயே பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். சேதம் இருந்தால் சாமான் சேவைக் கவுண்டரில் அறிக்கை எழுதி, அதன் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். ‘பிறகு மின்னஞ்சல் அனுப்புங்கள்’ என்று சொன்னால் அன்றே அனுப்பிவிட வேண்டும். டிக்கெட், சாமான் ஒட்டு, படங்கள், பழுது பார்க்கும் கடையின் விலைப்பட்டியல் எல்லாம் பத்திரம்.

இரண்டாம் கையாக வாங்கிய சைக்கிளுக்கு ரசீது இருக்காது. அதனால் மதிப்பே இல்லை என்று ஆகிவிடாது. விற்றவரோடு வாட்ஸ்அப்பில் பேசிய பதிவு, வங்கியில் பணம் மாற்றிய சான்று, சட்டகத்தில் உள்ள எண்ணின் படம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தால் அதுவே ஆதாரம்.

கோலாலம்பூர் – கூச்சிங், கோலாலம்பூர் – கோத்தா கினபாலு போன்ற பயணங்கள் கடலைத் தாண்டினாலும் உள்நாட்டுப் பயணங்களே. அவை அனைத்துலக ஒப்பந்தத்துக்குள் நேரடியாக வருவதில்லை. அங்கே டிக்கெட்டின் நிபந்தனைகளும் நம் நாட்டு விதிகளும்தான் பேசும். அதனால் உள்நாட்டுப் பயணத்தில் கையெழுத்திடும் சீட்டை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். புகாரையும் அன்றே கொடுத்துவிட வேண்டும்.

மலேசியாவில் 2016 முதல் வான்பயணிகளுக்கென நுகர்வோர் பாதுகாப்பு விதித்தொகுப்பு உள்ளது. அதன்படி பயணியின் புகாருக்கு விமான நிறுவனம் 30 நாளுக்குள் தீர்வு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ மேலே போகலாம். முன்பு இந்தப் புகார்களை மாவ்கோம் எனப்படும் மலேசிய வான்போக்குவரத்து ஆணையம் கவனித்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் அது மலேசியப் பொது வான்போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்-உடன் இணைக்கப்பட்டுவிட்டது. பழைய பெயரைத் தேடிக் குழம்பாமல் நேராக சிஏஏஎம்-இடம் போக வேண்டும். 5,000 ரிங்கிட் வரையிலான தொகை என்றால், வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்குப் பதியும் வழியும் உண்டு.

மாற வேண்டியது எது?

பயணிகள் விழிப்பாக இருந்தால் போதும் என்று இதை முடித்துவிட முடியாது. மூன்று தரப்புக்கும் வேலை இருக்கிறது.

முதலாவது, விமான நிறுவனங்கள். சைக்கிளுக்கான அளவு, எடை, கட்டணம் ஆகிய மூன்றும் டிக்கெட் எடுக்கும் பக்கத்திலேயே ஒரே இடத்தில் தெரிய வேண்டும். கூச்சிங்கில் ஒரு பதில், சுபாங்கில் ஒரு பதில் என்று இருக்கக்கூடாது. தனிக் கட்டணம் வாங்கிய சாமானுக்கே பொறுப்பில்லை என்ற சீட்டை நீட்டுவது எந்த வணிக நெறியிலும் சேராது. கட்டணம் கையாளும் வேலைக்கு என்றால், கையாளும்போது நடந்ததற்கும் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஆணையம். இரண்டு அமைப்புகள் ஒன்றான பிறகு பயணியின் புகார் எங்கே போகிறது என்பது சாதாரண மக்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். தமிழில் ஒரு பக்க விளக்கம் வெளியிட்டால்கூட தோட்டப்புறத்திலிருந்து முதன்முறை பறக்கும் குடும்பங்களுக்குப் பெரிய உதவி.

மூன்றாவது, நாம். நம் இயக்கங்களும் ஆலயங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு உதவத் தயங்குவதில்லை. மாலை போட்டு, சைக்கிள் ஒன்றைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். நல்லதுதான். ஆனால் அந்தச் சைக்கிள் போட்டி நடக்கும் ஊருக்குப் போய்ச் சேர வேண்டாமா? நன்கொடைப் பட்டியலில் பெட்டி, விமானக் கட்டணம், பயணக் காப்புறுதி என்ற மூன்று வரிகளையும் சேர்க்கலாம். காப்புறுதி எடுக்கும்போது விளையாட்டுச் சாதனம் அதில் அடங்குமா, ஒரு பொருளுக்கு எவ்வளவு வரம்பு என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஓட்டக் குழுக்களில் ஆளுக்கொரு பெட்டி வாங்குவதற்குப் பதில், குழுவுக்கு இரண்டு நல்ல பெட்டிகள் வாங்கி வைத்து, பறப்பவருக்கு இரவல் கொடுக்கலாம். கியரைக் கழற்றத் தெரிந்த அண்ணன் ஒருவர் ஒரு சனிக்கிழமை மாலையை ஒதுக்கினால் பத்துத் தம்பி தங்கைகள் கற்றுக்கொள்வார்கள்.

சாலையில் ஓட்டக்காரரின் வேகம் அவர் காலில் இருக்கிறது. அந்தச் சாலைக்கு அவர் போய்ச் சேருவாரா என்பதை மட்டும் குடும்பத்தின் பணப்பையும், படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்தும் தீர்மானிக்கக்கூடாது. அடுத்த முறை கவுண்டரில் சீட்டை நீட்டினால் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். பின்னால் இருப்பவர்கள் காத்திருக்கட்டும்.